நடுநிலையைக் கற்பிக்க முடியுமா? இந்தோனேசியப் பல்கலைக்கழகங்கள் தரும் படிப்பினை

இந்தோனேசியாவில் பொறியியல் படித்தாலும் மருத்துவம் படித்தாலும், தம் மதத்தைப் பற்றிய ஒரு பாடத்தில் தேறாமல் எந்த மாணவரும் பட்டம் வாங்க முடியாது. அந்நாட்டின் 2012ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டம் மதம், பஞ்சசீலா எனப்படும் நாட்டின் ஐந்து அடிப்படைக் கொள்கைகள், குடியுரிமை, இந்தோனேசிய மொழி ஆகிய நான்கையும் கட்டாயப் பாடங்களாக்கியிருக்கிறது. முஸ்லிம் மாணவருக்கு இஸ்லாம், கிறிஸ்தவ மாணவருக்குக் கிறிஸ்தவம், பாலித் தீவின் இந்து மாணவருக்கு இந்து மதம். 23 கோடிக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வாழும் ஒரு நாடு, தன் இளைஞர்களை மார்க்கம் தெரியாதவர்களாக வெளியே அனுப்பக் கூடாது என்று செய்துள்ள ஏற்பாடு இது.

இவ்வளவு இருந்தும், அங்கே வளாகங்களுக்குள் கடும்போக்கு நுழையாமல் இருக்கவில்லை. 2018 ஜூனில் ரியாவ் பல்கலைக்கழக வளாகத்திலேயே, வெடிகுண்டுகளுடன் அதன் முன்னாள் மாணவர்கள் கைதானார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பு, மே 13 அன்று, சுரபாயா நகரில் ஒரு குடும்பம் தம் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு மூன்று தேவாலயங்களில் குண்டுவெடிப்பு நடத்தியது. ஓராண்டுகூட ஆகவில்லை, 2019 ஏப்ரல் 21இல் இலங்கையில் அதே கொடுமை. அதில் எந்தப் பங்கும் இல்லாத, அதைக் கண்டித்த முஸ்லிம் குடும்பங்கள் அதற்காக எவ்வளவு விலை கொடுத்தன என்பதைத் தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய செயலில் இறங்கும் மாணவர்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவர்கள்தாம். ஆனால் அந்த எல்லைவரை போகாமலேயே, தம் வாப்பாவின் தொழுகை செல்லாது என்று சொல்லும் பிள்ளைகள், பக்கத்து அறை மாணவனின் ஸலாமுக்குப் பதில் சொல்லத் தயங்கும் பிள்ளைகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். இந்தோனேசிய அரசு 2019 முதல் 'மொடெராசி பெராகாமா', அதாவது மதத்தைப் பின்பற்றுவதில் நடுநிலை, என்ற பெயரில் இதற்கென ஒரு பெரிய திட்டத்தையே நடத்தி வருகிறது. அது எங்கே பலன் தந்தது, எங்கே சறுக்கியது என்று பார்ப்பது பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் நமக்குப் பயன்படும்.

நடுநிலை என்றால் என்ன?

இந்தச் சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு ஒரு சந்தேகம் வரும். மேற்கத்திய ஊடகங்கள் 'மிதவாத முஸ்லிம்' என்று சொல்லும்போது பெரும்பாலும் தொழாத, நோன்பு வைக்காத, எதையும் கண்டுகொள்ளாத ஒருவரைத்தான் மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானதே. 2014 முதல் 2019 வரை இந்தோனேசியாவின் மத விவகார அமைச்சராக இருந்த லுக்மான் ஹகீம் ஸைஃபுத்தீன் இதற்காகவே ஒரு வேறுபாட்டைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார். மதம் மிதப்படுத்தப்பட வேண்டியதல்ல. அதை நாம் பின்பற்றும் விதம்தான் நடுநிலையாக இருக்க வேண்டும் என்பதே அவர் சொன்னதன் சாரம்.

மார்க்கத்தில் இதற்கு ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை. திருக்குர்ஆனின் 2:143 வசனம் இந்தச் சமுதாயத்தையே 'வஸத்' என்ற சொல்லால் அடையாளப்படுத்துகிறது. நடுவானது, நீதியானது, சிறந்தது என்று விரிவுரையாளர்கள் அதற்குப் பொருள் தருகிறார்கள். இதன் எதிர்ப்பதம் 'குலூ', எல்லை மீறல். ஹஜ்ஜின்போது கல்லெறிவதற்காக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் பொறுக்கிக் கொடுத்த சிறு கற்களைக் கையில் வைத்துக்கொண்டு, மார்க்கத்தில் எல்லை மீறுவதைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் இருக்கிறது. எச்சரிக்கை எந்த இடத்தில் வந்தது என்பதைக் கவனியுங்கள்: பெரிய கொள்கைச் சண்டை எதுவுமில்லை, எறியும் கல்லின் அளவுதான். பக்தி மிகும்போது கல்லும் பெரிதாகும் என்பதை அல்லாஹ்வின் தூதர் அறிந்திருந்தார்கள்.

மாணவப் பருவத்துக்கு மிகவும் பொருந்துவது முஆத் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி. அவர் இளைஞர், குர்ஆனை ஆழக் கற்றவர். தம் கூட்டத்தாருக்கு இமாமாக நின்று இரவுத் தொழுகையில் அல்பகரா அத்தியாயத்தை ஓதத் தொடங்கினார். பகலெல்லாம் ஒட்டகங்களைக் கொண்டு தண்ணீர் இறைத்துக் களைத்து வந்த ஒருவர், தாங்க முடியாமல் விலகித் தனியாகத் தொழுதுவிட்டுப் போய்விட்டார். அவரை நயவஞ்சகர் என்று முஆத் சொன்ன பேச்சு அவர் காதுக்கு எட்டியது. வழக்கு நபி (ஸல்) அவர்களிடம் வந்தது. கண்டிக்கப்பட்டவர் தண்ணீர் இறைத்தவர் அல்லர், இமாம்தான். மக்களைக் குழப்பத்தில் தள்ளுகிறீரா என்று மூன்று முறை கேட்டு, சிறிய அத்தியாயங்களின் பெயரைச் சொல்லி அவற்றை ஓதும்படி பணித்தார்கள். முஆதிடம் அறிவுக்கும் பற்றுக்கும் குறைவில்லை. பின்னால் நிற்பவரின் நிலையைப் பார்ப்பது மட்டுமே அன்று விடுபட்டிருந்தது. நபி (ஸல்) அவர்கள் அவரை ஒதுக்கிவிடவும் இல்லை. பின்னாளில் அவரைத்தான் ஏமனுக்குப் பொறுப்பாளராக அனுப்பினார்கள்.

அரட்டை அரங்கை மூடினால் என்ன ஆகும்?

இன்றைய திட்டத்தைப் புரிந்துகொள்ள 1970களுக்குப் போக வேண்டும். பாண்டுங் தொழில்நுட்பக் கழகத்தின் பள்ளிவாசலுக்கு 'ஸல்மான்' என்று பெயர். அகழி வெட்டும் யோசனையைச் சொன்ன ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களின் பெயரைப் பொறியியல் மாணவர்களின் பள்ளிக்கு வைத்தவர் அதிபர் சுகார்னோ. அங்கே மின்பொறியியல் விரிவுரையாளராக இருந்த இமாதுத்தீன் அப்துர் ரஹீம் மாணவர்களுக்கு மார்க்கப் பயிற்சி முகாம்கள் நடத்தினார். மத்ரஸாவில் படிக்காத, அரபி தெரியாத, ஆனால் கூர்மையான மூளையுள்ள பிள்ளைகள் அங்கே முதல் முறையாகத் தம் தீனைத் தாமே கண்டெடுத்தார்கள்.

1978இல் ஸுஹார்த்தோ அரசு பல்கலைக்கழகங்களில் மாணவர் அரசியலுக்குத் தடை போட்டது. மாணவர் பேரவைகள் முடக்கப்பட்டன. இமாதுத்தீனும் அதே ஆண்டில் கைதாகிப் பல மாதங்கள் சிறையில் இருந்தார். திறந்த வெளியில் பேச இடமில்லாமல் போன மாணவர்கள் சிறு சிறு வட்டங்களாகப் பிரிந்தார்கள். 'உஸ்ரா', குடும்பம், என்று அவற்றுக்குப் பெயர். ஐந்து பேர், பத்து பேர், ஓர் அறை, ஒரு வழிகாட்டி.

இந்த வட்டங்களை ஒரேயடியாகக் குறை சொல்வது அநியாயம். அரசுப் பள்ளிகளில் மாணவியர் ஹிஜாப் அணிய 1991வரை அனுமதி இல்லாத நாடு அது. அந்தக் காலத்தில் பல பெண்பிள்ளைகளுக்கு உறுதி தந்தது இந்த வட்டங்கள்தாம். ஆனால் மூடிய அறையில் ஒரே ஒரு குரலைக் கேட்டு வளரும் பழக்கமும் அங்கேதான் ஆரம்பித்தது. ஹிஸ்புத் தஹ்ரீர் அமைப்பின் இந்தோனேசியக் கிளையும் 1980களில் போகோர் நகர வளாகச் சூழலில்தான் வேர்விட்டது. 2017 ஜூலையில் அரசு அதைக் கலைத்தது. அதற்காகக் கொண்டுவரப்பட்ட அவசரச் சட்டம், நீதிமன்ற விசாரணைக்குக் காத்திராமலேயே ஓர் அமைப்பைக் கலைக்க வழி செய்தது. வட்டத்தைக் கலைத்தால் கேள்வியும் கலைந்துவிடும் என்று நம்பினால், 1978இன் கதையை நாம் படிக்கவில்லை என்றுதான் பொருள்.

இரண்டு வகை மாணவர்கள்

மார்க்கக் கல்வியே பாடமாக உள்ள அரசு இஸ்லாமியப் பல்கலைக்கழகங்களில் நடந்த கதை வேறு. ஜகார்த்தாவின் இஸ்லாமிய உயர்கல்வி நிறுவனத்துக்கு 1973இல் தலைவராக வந்த ஹாரூன் நஸூத்தியோன், முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு மத்ஹபின் தீர்ப்புகளை மட்டும் மனப்பாடம் செய்விக்கும் முறையை மாற்றினார். அகீதாவில் அஷ்அரிகள் என்ன சொன்னார்கள், முஃதஸிலாக்கள் என்ன சொன்னார்கள், தத்துவ அறிஞர்கள் எங்கே வேறுபட்டார்கள், தஸவ்வுஃப் எப்படி வளர்ந்தது என்று இஸ்லாமியச் சிந்தனையின் பல முகங்களையும் ஒரே நூலில் வைத்துக் கற்பித்தார். நாட்டின் முதல் மத விவகார அமைச்சராக இருந்த ரஷீதி அந்த நூலைக் கடுமையாக மறுத்து 1977இல் தனி நூலே எழுதினார். ஹாரூனின் முஃதஸிலாச் சார்பை நாமும் ஏற்கவில்லை. ஆனால் ஆசிரியரின் நூலும் அதற்கு எழுதப்பட்ட மறுப்பும் ஒரே நூலகத்தில் கிடைத்த சூழலில் படித்த மாணவனை, ஒரு துண்டுப் பிரசுரத்தை நீட்டி மயக்குவது கடினம்.

பொறியியல், மருத்துவ, அறிவியல் மாணவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு கிரெடிட் பாடம். ஒரு கிரெடிட் என்பது வாரத்துக்கு 50 நிமிட வகுப்பு. 16 வாரங்கள் கொண்ட ஒரு பருவம் முழுக்கச் சேர்த்தாலும் 27 மணி நேரத்தைத் தாண்டாது, அதுவும் தேர்வு வாரங்கள் உட்பட. பெரிய அரங்கில், அட்டெண்டன்ஸுக்காக உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு நடத்தப்படும் 27 மணி நேரம். எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு சரியான விடை உள்ள படிப்பில் ஊறிய பிள்ளை, மார்க்கத்திலும் அதையே எதிர்பார்க்கிறான். "இந்த விஷயத்தில் இமாம்கள் கருத்து வேறுபட்டார்கள்" என்று பேராசிரியர் சொன்னால், அவனுக்கு அது விடையாகவே தெரிவதில்லை, மழுப்பலாகத் தெரிகிறது. மாலையில் விடுதிக்கு வரும் சீனியர் அண்ணன் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

பல அரசுப் பல்கலைக்கழகங்களில் இந்தப் பாடத்தோடு வழிகாட்டல் வகுப்பும் உண்டு. மூத்த மாணவர்கள் இளையவர்களைச் சிறு குழுக்களாக வைத்துக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுப்பார்கள், மார்க்கம் பேசுவார்கள். மேடையில் பேசும் பேராசிரியரைவிட இந்தச் சீனியர்தான் புதிய மாணவனுக்கு மார்க்கத்தின் முகம். அவரை யார் தேர்ந்தெடுத்தார்கள், என்ன படித்திருக்கிறார், என்ன புத்தகம் கொடுக்கிறார் என்பதைப் பல்கலைக்கழகம் நெடுங்காலம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேராசிரியரின் பாடத்திட்டத்தை நான்கு முறை திருத்துவதைவிட அந்தச் சீனியருக்கு ஒழுங்கான பயிற்சி தருவது பயனுள்ளது என்பது நம் கருத்து.

நான்கு அடையாளங்கள்

மத விவகார அமைச்சு 2019இல் 'மொடெராசி பெராகாமா' என்ற நூலையே வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், அரசு இஸ்லாமிய உயர்கல்வி நிறுவனங்கள் 'ருமா மொடெராசி', அதாவது நடுநிலை இல்லம், ஒன்றைத் தம் வளாகத்தில் அமைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை போனது. அடுத்து நாட்டின் 2020–2024 ஐந்தாண்டுத் திட்டத்தில் இது இடம் பெற்றது. 2023இல் இதற்கென்றே 58ஆம் எண் அதிபர் ஆணை வந்தது.

நாட்டின் மீதான பற்றுறுதி, சகிப்புத்தன்மை, வன்முறையை மறுத்தல், உள்ளூர்ப் பண்பாட்டுக்கு இடம் கொடுத்தல். இந்த நான்கையும்தான் நடுநிலையின் அடையாளங்களாக வைத்திருக்கிறார்கள். மூன்றாவதில் விவாதத்துக்கே இடமில்லை. முதலாவதில்தான் நமக்குத் தயக்கம். நாட்டை நேசிப்பதும் ஆட்சியில் இருப்பவர்களுக்குத் தலையாட்டுவதும் ஒன்றல்ல. ஊழலைக் கேள்வி கேட்கிற, நிலம் பறிக்கப்படும் விவசாயிக்காகக் குரல் கொடுக்கிற மாணவனையும் 'கடும்போக்காளன்' பட்டியலில் சேர்க்க இந்த அளவுகோல் வளைக்கப்படலாம் என்று அங்குள்ள விமர்சகர்களே எச்சரிக்கிறார்கள். அரசு முத்திரை குத்திய நடுநிலையை மாணவர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். அதன் பிறகு அந்த வகுப்பில் அவர்கள் மனத்தில் உள்ளதைப் பேச மாட்டார்கள்; மார்க் வாங்குவதற்கு வேண்டியதை மட்டும் பேசுவார்கள்.

இந்தத் திட்டம் வருவதற்கு முன்பே நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்குச் சான்று. 2018இன் தொடக்கத்தில் யோக்யகார்த்தாவின் சுனான் காலிஜாகா அரசு இஸ்லாமியப் பல்கலைக்கழகம், முகத்தை மறைக்கும் நிகாப் அணிய மாணவியருக்குத் தடை விதித்தது. அத்தனை பெரிய பல்கலைக்கழகத்தில் நிகாப் அணிந்தவர்கள் நாற்பது பேர் அளவில்தான் இருந்தார்கள். கடும்போக்கைத் தடுப்பதற்கு என்று காரணம் சொல்லப்பட்டது. கடும் எதிர்ப்பு எழுந்து, மார்ச் மாதத்திலேயே தடை திரும்பப் பெறப்பட்டது. ஒரு பெண்பிள்ளையின் துணியைப் பார்த்து அவள் உள்ளத்தை முடிவு செய்வது, முஆத் (ரலி) கண்டிக்கப்பட்டாரே, அதே தவறின் மறுபக்கம் அல்லவா? அந்த நாற்பது பேரில் எத்தனை பேர் யாரிடமும் எந்தக் கடுமையும் காட்டாதவர்களோ!

முதலில் கேள்வியைக் கேட்டவர்

கடும்போக்கில் விழுந்தவர்களை எப்படி மீட்பது என்பதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு வகுப்பறை இருக்கிறது. அலீ (ரலி) அவர்களின் ஆட்சியில் பிரிந்து போன கவாரிஜ்கள் ஹரூரா என்ற இடத்தில் கூடியிருந்தார்கள். நெற்றியில் ஸஜ்தாவின் தழும்பேறிய, இரவெல்லாம் நின்று வணங்குகிற மக்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் நல்ல ஆடை உடுத்திக்கொண்டு தனியாக அவர்களிடம் போனார்கள். போனவர் உபதேசத்தில் ஆரம்பிக்கவில்லை. உங்கள் ஆட்சேபம் என்ன, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றார்.

அவர்கள் மூன்று சொன்னார்கள். அல்லாஹ்வின் விஷயத்தில் மனிதர்களை நடுவராக்கியது ஏன்? போர் செய்துவிட்டுக் கைதிகளையும் பொருளையும் எடுக்காதது ஏன்? ஒப்பந்தத்தில் 'விசுவாசிகளின் தலைவர்' என்ற பட்டத்தை அழித்தது ஏன்? வேறு ஏதும் உண்டா என்று கேட்டு, இல்லை என்ற பிறகே அவர் பதில் தந்தார். கணவன் மனைவி பிணக்கிலும், இஹ்ராமில் வேட்டையாடியதற்கான பரிகாரத்திலும் மனிதர்களை நடுவராக்கச் சொல்வது குர்ஆன்தானே என்றார். ஜமல் போரில் எதிரே இருந்தவர் உங்கள் அன்னை ஆயிஷா (ரலி). அவரைக் கைதியாக்கச் சொல்கிறீர்களா என்றார். ஹுதைபிய்யாவில் 'அல்லாஹ்வின் தூதர்' என்ற சொல்லையே நபி (ஸல்) அவர்கள் அழிக்கச் சொன்னார்களே, அதனால் தூதுத்துவம் போய்விட்டதா என்றார். ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும், இது தீர்ந்ததா என்று கேட்டே அடுத்ததற்குப் போனார். அன்று ஆயிரக்கணக்கானோர் திரும்பி வந்ததாக அறிவிப்புகள் கூறுகின்றன. எல்லோரும் திரும்பவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்றைய பல்கலைக்கழக வகுப்பு பெரும்பாலும் இதற்கு நேர் தலைகீழ். 'தீவிரவாதத்தின் தீமைகள்' என்று திரையில் பட்டியல் ஓடுகிறது. மாணவனின் கேள்வியோ வேறு: காஸாவில் நடப்பதற்கு நாம் என்ன செய்கிறோம்? வட்டியில்லாமல் கல்விக் கடன் எங்கே கிடைக்கும்? அரசியல்வாதிகளின் மேடையில் ஆலிம்கள் ஏன் உட்காருகிறார்கள்? இவற்றை வகுப்பில் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். கைப்பேசியில் ஒருவர் முகத்துக்கு நேரே பதில் சொல்கிறார். அந்தப் பதில் தவறாக இருக்கலாம். கேள்வியை மதித்தவர் அவர்தான் என்று பிள்ளைக்குத் தோன்றிவிடுகிறது.

குனூத்தும் பெருநாளும்

இந்தோனேசியாவோடு நமக்குள்ள உறவு வெறும் ஒப்பீட்டுக்காகச் சொல்வதல்ல. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய நம் கடற்கரை ஊர்களும் இலங்கை முஸ்லிம்களும் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபினர், அவர்களும் அப்படியே. நாம் தமிழை அரபு எழுத்தில் அர்வியாக எழுதியதுபோல அவர்கள் ஜாவா மொழியைப் பெகோனாக எழுதினார்கள். சண்டைகளும் ஒரே மாதிரிதான். 1926இல் தோன்றிய நஹ்ளத்துல் உலமா அமைப்பினர் சுப்ஹில் குனூத் ஓதுவார்கள், தராவீஹ் 20 ரக்அத் தொழுவார்கள், இறந்தவருக்காகக் கூடித் தஹ்லீல் ஓதுவார்கள். 1912இல் தோன்றிய முஹம்மதிய்யா அமைப்பினர் குனூத் ஓத மாட்டார்கள், தராவீஹ் எட்டு ரக்அத், தஹ்லீல் கிடையாது. மவ்லிது, கத்தம் ஃபாத்திஹா, கந்தூரி என்று நம் வீடுகளில் எழும் வாக்குவாதத்தைப் பெயர் மாற்றிப் படிப்பதுபோல இருக்கும்.

அங்கே பரவலாகச் சொல்லப்படும் ஒரு செய்தி உண்டு. நஹ்ளத்துல் உலமாவின் தலைவர் இத்ஹாம் காலித், முஹம்மதிய்யாவின் அறிஞர் ஹம்கா இருவரும் ஒன்றாகப் பயணம் செய்தபோது, இத்ஹாம் காலித் இமாமாக நின்று சுப்ஹில் குனூத்தை விட்டாராம், பின்னால் ஹம்கா நிற்கிறார் என்பதற்காக. மறுநாள் ஹம்கா இமாமாக நின்று குனூத் ஓதினாராம், பின்னால் இத்ஹாம் காலித் நிற்கிறார் என்பதற்காக. இருவரும் தம் மத்ஹபின் ஆதாரத்தைத் தெரிந்தவர்கள். தெரிந்ததால்தான் விட்டுக்கொடுக்க முடிந்தது. ஆதாரம் தெரியாதவருக்குத் தம் பழக்கம் மட்டுமே தெரியும். அதை விட்டால் தீனே போய்விடும் என்று பயப்படுவார்.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2023இல் முஹம்மதிய்யா தன் வானியல் கணக்கின்படி ஏப்ரல் 21இலும் அரசு 22இலும் நோன்புப் பெருநாள் அறிவித்தன. அந்த வாக்குவாதத்தில், அரசு ஆராய்ச்சி நிறுவனத்தில் வானியல் ஆய்வாளராக இருந்த ஒருவர், முஹம்மதிய்யாவினரைக் கொல்வதாக முகநூலில் மிரட்டிச் சிறைத் தண்டனை பெற்றார். அவர் எந்தத் தலைமறைவு வட்டத்தையும் சேர்ந்தவர் அல்லர். அரசு அறிவித்த நாளுக்காக, பெரும்பான்மையின் பக்கம் நின்று, கொலை மிரட்டல் விடுத்தவர். நடுநிலையை 'அவர்களுக்கு' மட்டும் கற்பிக்க வேண்டிய பாடமாக நினைக்கும் எல்லோரும் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

சேர்ந்து இருப்பதே பாடம்

சில இடங்களில் பாடநூலைவிட ஏற்பாடே கற்பிக்கிறது. கிழக்கு நுசா தெங்காரா மாகாணம் கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி. அங்குள்ள குபாங் முஹம்மதிய்யா பல்கலைக்கழகத்தில் மாணவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். ஓர் இஸ்லாமிய அமைப்பு நடத்தும் வளாகத்தில் முஸ்லிம் மாணவர்கள் சிறுபான்மையாக இருந்து படிக்கிறார்கள். இத்தகைய சூழலில் இயங்கும் முஹம்மதிய்யா கல்விக்கூடங்களைப் பற்றி ஆராய்ந்து நூல் எழுதிய இருவரில் ஒருவரான அப்துல் முஃதீ, 2024இல் நாட்டின் பள்ளிக் கல்வி அமைச்சரானார். யோக்யகார்த்தாவில் காஜா மாடா பல்கலைக்கழகம், முன்பு நாம் பார்த்த சுனான் காலிஜாகா பல்கலைக்கழகம், துத்தா வாச்சானா கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து 2006 முதல் சமயங்களைப் பற்றிய ஒரு கூட்டு ஆய்வுக் கல்வியை நடத்துகின்றன. மாலாங் நகரின் அரசு இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் வளாகத்தின் மஅஹதில், அதாவது மத்ரஸா விடுதியில், தங்கியாக வேண்டும். கணினி படிப்பவரும் அங்கே ஓர் உஸ்தாத் முன் உட்கார்ந்து கிதாபு ஓதுகிறார். ஓராண்டு முழுக்க ஒருவரின் கோபத்தையும் பொறுமையையும் பக்கத்திலிருந்து பார்ப்பது 27 மணி நேர வகுப்பில் கிடைக்காது.

நம் வீட்டுக்கு வந்தால்

தமிழ்நாட்டில் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பது மார்க்க வகுப்பே இல்லாத பொதுக் கல்லூரிகளில். அந்த 27 மணி நேரமும் அவர்களுக்குக் கிடையாது. எனவே பொறுப்பு வீட்டுக்கும் மஹல்லாவுக்கும் வந்து சேர்கிறது.

பிள்ளை திடீரென்று தாடி வைத்தாலோ, தஹஜ்ஜுத் தொழ எழுந்தாலோ பதறாதீர்கள். அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள். கேட்க வேண்டியது வேறு. அவன் போகும் வகுப்பு எங்கே, யார் நடத்துகிறார் என்பதை அவனால் வெளிப்படையாகச் சொல்ல முடிகிறதா? அந்த ஆசிரியர் யாரிடம் ஓதினார்? வேறு ஆலிம்களின் நூலைப் படிக்கக் கூடாது என்று சொல்கிறார்களா? வாப்பா உம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று எதையாவது சொன்னார்களா? ஒரு வாரம் போகாவிட்டால் என்ன ஆகும்? ரகசியமும், பெற்றோரிடமிருந்து பிரிப்பதும், மற்ற முஸ்லிம்களை வெளியே தள்ளுவதும் சேர்ந்து வந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் சத்தம் போட்டால், இப்னு அப்பாஸ் (ரலி) செய்ததை விட்டுவிட்டு 1978இன் அரசு செய்ததை வீட்டில் செய்தவர்களாவோம்.

ஒரு வாக்குவாதம் வந்தே தீரும் என்றால் அதைப் பாடமாக்கிவிடலாம். மவ்லிது பற்றியோ குனூத் பற்றியோ சண்டை வந்தால், ஓதுபவர்களின் ஆதாரத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி எழுதிக் காட்டு என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். வாப்பாவும் அதேபோல மறுதரப்பின் ஆதாரத்தை எழுதட்டும். இருவருக்கும் ஊர் ஆலிமின் உதவி தேவைப்படும். அதுவே ஒரு லாபம்.

வண்ணப் பரிமளப் புலவர் 1572இல் பாடிய 'ஆயிர மசலா', தமிழில் நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமிய இலக்கியங்களில் மிகப் பழையது. மலாய், ஜாவா மொழிகளிலும் அதே கதை உண்டு. அதன் அமைப்பே, யூத அறிஞரான அப்துல்லாஹ் இப்னு ஸலாம் கேள்விக்கு மேல் கேள்வி கேட்பதும் நபி (ஸல்) அவர்கள் சலிக்காமல் பதில் தருவதும்தான். கேட்பவர் கேட்கத் தொடங்கும்போது முஸ்லிமாகக்கூட இல்லை. கடலின் இரு கரையிலும் நம் முன்னோர் மார்க்கத்தைப் படித்தது இப்படித்தான்.

செமஸ்டர் விடுமுறையில் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது, ஜமாஅத் ஒரு மாலையை இதற்கென ஒதுக்கலாம். பயான் வேண்டாம். ஓர் ஆலிம், ஊரில் படித்த ஒரு மருத்துவர் அல்லது வழக்கறிஞர், பெண்பிள்ளைகளுக்கு ஓர் ஆலிமா, இவர்கள் உட்கார்ந்தால் போதும். கேள்விகளைச் சீட்டில் எழுதி ஒரு பெட்டியில் போடச் சொல்ல வேண்டும். எடுத்த எந்தச் சீட்டையும் படிக்காமல் ஒதுக்கக் கூடாது. பதில் தெரியாததை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சீட்டில் பெயர் எழுதச் சொல்ல வேண்டாம்.